மூர்களைத் துரத்தினார்கள், சோற்றை வைத்துக்கொண்டார்கள்: போர்த்துக்கேய வாத்துச் சோற்றின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

போர்த்துக்கல் நாட்டில் "அரோஸ் டி பாத்து" என்று ஒரு சாப்பாடு இருக்கிறது. தமிழில் வாத்துச் சோறு. நமது பக்கத்துப் பேச்சில் தாராச் சோறு. விருந்தாளி வந்தால், ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடினால் அங்கே இதைச் செய்வார்கள். அந்த நாட்டின் வடக்கில் பிராகா என்ற நகரம் இதற்குப் பேர் போனது. பிராகா பேராயரின் நகரம். தேவாலயங்கள் நிறைந்த ஊர் என்பதால் அதைப் போர்த்துக்கலின் ரோமாபுரி என்பார்கள்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. வாத்தை வெங்காயம், கராம்பு, பிரிஞ்சி இலை போட்டு அவிப்பார்கள். இறைச்சியை எலும்பிலிருந்து பிய்த்து எடுப்பார்கள். அவித்த தண்ணீரைக் கொட்டமாட்டார்கள், அதிலேதான் அரிசி வேகும். பிறகு ஒரு மண் சட்டியில் சோறு, இறைச்சி, மறுபடி சோறு என்று அடுக்கி, மேலே பன்றி இறைச்சியில் செய்த "சூரிசு" என்ற சொசேஜை வட்டம் வட்டமாக வெட்டி வைத்து, சூளையில் மேற்பக்கம் மொறுமொறுவென்று வரும்வரை விடுவார்கள். பரிமாறும்போது தோடம்பழத் துண்டுகள் வைப்பதும் உண்டு.

பன்றி இருக்கிற சாப்பாடு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சட்டியை ஒரு வரலாற்று மாணவனாகப் பார்த்தால், மேலே இருக்கும் சொசேஜைத் தவிர மற்றதெல்லாம் வேறு ஒரு கதை சொல்கிறது. அந்தக் கதையின் கடைசிப் பகுதி நம்முடைய பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் வருகிறது.

முதலில் சொற்களைப் பார்ப்போம்.

"அரோஸ்" என்றால் அரிசி. மத்திய கிழக்கில் வேலை செய்து வந்த நமது சகோதர சகோதரிகளுக்கு "ருஸ்" என்ற சொல் நன்றாகத் தெரியும். அரபு "அர்ருஸ்" தான் போர்த்துக்கேய மொழியில் "அரோஸ்" ஆனது. சமைக்கும் ஒலிவ் எண்ணெய்க்கு அவர்கள் சொல்வது "அஸைட்". அது அரபு "அஸ்ஸைத்". குங்குமப்பூ "அஸஃப்ராவ்", அதாவது "அஸ்ஸஃபரான்". சீனி "அசூக்கர்", அதாவது "அஸ்ஸுக்கர்". இறைச்சி ஊறவைக்கும் பெரிய மண் பாத்திரத்துக்கு "அல்கிடார்" என்பார்கள். அதுவும் அரபுதான். "பாத்து" என்ற சொல்கூட வாத்துக்கு அரபில் சொல்லும் "பத்" என்பதிலிருந்து வந்தது என்று மொழியறிஞர் சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர் அது வாத்தின் நடைச் சத்தத்திலிருந்து பிறந்த சொல் என்கிறார்கள். அதை விட்டுவிடுவோம், மற்றவையே போதும்.

இன்னொரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாணைப் பிய்த்துப் போட்டுச் செய்யும் "அசோர்டா" என்ற உணவு அங்கே தென்பகுதி ஏழைகளின் சாப்பாடு. அது அரபு "ஸரீத்" என்ற சொல்லின் குடும்பம். ஸரீத் எது என்று ஹதீஸ் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு சமையலறையில் இத்தனை அரபுச் சொற்கள் எப்படி வந்தன?

கி.பி. 711இல் முஸ்லிம் படைகள் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் நுழைந்தன. இன்றைய ஸ்பெயினும் போர்த்துக்கலும் சேர்ந்ததுதான் அது. இன்றைய போர்த்துக்கலின் தென்பகுதி 500 வருடங்களுக்கு மேல் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. லிஸ்பனுக்கு "அல் உஷ்பூனா" என்று பெயர். தெற்குக் கரையோரத்தை இன்றும் "அல்கார்வ்" என்கிறார்கள். அது "அல் கர்ப்", மேற்குத் திசை.

அதற்கு முன்பு அங்கே அரிசியே தெரியாது என்று சொல்ல முடியாது. ரோமர்களுக்கு அரிசி தெரியும். ஆனால் அது தூர தேசத்திலிருந்து வரும் விலையுயர்ந்த மருந்துச் சரக்கு. அதை வயலில் போட்டு, நீர் பாய்ச்சி, ஊர்ச் சாப்பாடாக்கியது அந்தலூஸ் முஸ்லிம்கள். 12ஆம் நூற்றாண்டில் செவில்லியாவைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் "கிதாபுல் ஃபிலாஹா" என்று விவசாயத்துக்கே ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் நெல்லும் இருக்கிறது.

நெல் வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். அம்பாறைப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை குறைந்த அந்தப் பூமியில் அவர்கள் வாய்க்கால் வெட்டினார்கள், அணை கட்டினார்கள், நீரிறைக்கும் சக்கரம் வைத்தார்கள். அணைக்கட்டுக்குப் போர்த்துக்கேய மொழியில் இன்றும் "அசூட்", அரபு "அஸ்ஸுத்". நீர்ச்சக்கரம் "நோரா", அரபு "நாஊரா". நீரால் சுழலும் ஆலை "அஸேன்யா", அரபு "அஸ்ஸானியா". ஒரு நாட்டில் எந்தத் தொழிலின் சொற்கள் யாருடைய மொழியில் இருக்கின்றன என்று பார்த்தால், அந்தத் தொழிலை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரிந்துவிடும். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்லும் விடயம் இது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அரிசி" என்ற தமிழ்ச் சொல்தான் கிரேக்கம் போய், அரபு போய், "அரோஸ்" ஆனது என்று பல பதிவுகள் சுற்றுகின்றன. அறிஞர்கள் அதை ஏற்று முடிக்கவில்லை. கிரேக்கச் சொல் பழைய ஈரானிய மொழி ஒன்றிலிருந்து போனது என்பதே இன்று பலரின் கருத்து. நமக்குப் பெருமை வரும் என்பதற்காக உறுதியில்லாததைப் பரப்பவேண்டாம். உறுதியானதே நிறைய இருக்கிறது.

சரி, பிறகு என்ன நடந்தது?

1147இல் போர்த்துக்கலின் முதல் மன்னன் அஃபோன்சோ ஹென்ரிக்கஸ் லிஸ்பனைப் பிடித்தான். 1249இல் அல்கார்வும் விழுந்தது. ஆனால் முஸ்லிம்கள் உடனே போய்விடவில்லை. 1170இல் அதே மன்னன் லிஸ்பனிலும் அயல் ஊர்களிலும் இருந்த சுதந்திர முஸ்லிம்களுக்கு ஒரு சாசனம் கொடுத்தான். வரி கட்டவேண்டும், ஆனால் தங்கள் மார்க்கத்தோடு வாழலாம். லிஸ்பன் கோட்டைக்குக் கீழே அவர்களுக்கு ஒதுக்கிய பகுதிக்கு "மூராரியா" என்று பெயர். மூர்களின் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். "மூரோ" என்பது வட ஆபிரிக்க மக்களுக்கு ரோமர் வைத்த பழைய பெயரிலிருந்து வந்தது. காலப்போக்கில் முஸ்லிம் என்றாலே மூர் என்றாகிவிட்டது.

மூராரியாவில் அவர்கள் கைவினைஞர்களாக, தோட்டக்காரர்களாக முன்னூறு வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். யோசித்துப் பாருங்கள். முன்னூறு வருடம் என்றால் பத்துப் பன்னிரண்டு தலைமுறை. அவர்கள் வந்தேறிகளா, அந்த ஊர்க்காரர்களா?

அந்தக் கேள்விக்கு 1496 டிசம்பரில் ஒரு பதில் வந்தது. மன்னன் முதலாம் மனுவேல் ஒரு கட்டளை போட்டான். யூதர்களும் முஸ்லிம்களும் 1497 ஒக்டோபர் முடிவதற்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும். யூதர்களில் பெரும்பாலோரைப் போகவும் விடவில்லை, வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். முஸ்லிம்கள் வெளியேறினார்கள். வட ஆபிரிக்காவுக்குப் போனவர்கள் உண்டு, அயலில் இருந்த காஸ்டில் நாட்டுக்குப் போனவர்களும் உண்டு.

வயலும் வாய்க்காலும் சொற்களும் போகவில்லை. சோறும் போகவில்லை.

இந்த இடத்தில்தான் பன்றி வருகிறது. மதம் மாற்றப்பட்டவர்கள் உண்மையிலே மாறினார்களா என்று பார்க்க, 1536இல் போர்த்துக்கலில் விசாரணை மன்றம் அமைத்தார்கள். அயல்வீட்டுக்காரர் காட்டிக்கொடுக்கும் முறைப்பாடுகளில் திரும்பத் திரும்ப வரும் குற்றச்சாட்டுகளில் ஒன்று, "இவர்கள் பன்றி சாப்பிடுவதில்லை" என்பது. ஒருவருடைய ஈமானைச் சட்டியைத் திறந்து பார்த்த காலம் அது. "அல்யெய்ரா" என்று ஒரு சொசேஜ் வட போர்த்துக்கலில் இருக்கிறது. பாணும் கோழி இறைச்சியும் வைத்துச் செய்வது. மதம் மாற்றப்பட்ட யூதர்கள், தாங்களும் பன்றி சாப்பிடுவதாக அயலவர் நம்பட்டும் என்று இதைச் செய்து புகைக்கூண்டில் தொங்கவிட்டார்கள் என்பது அந்த ஊர்களின் வாய்மொழிக் கதை. வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆனால் அப்படி ஒரு கதை பிறப்பதற்கே எப்படிப்பட்ட பயம் இருந்திருக்கவேண்டும்!

வாத்துச் சோற்றின் மேல் இருக்கும் சூரிசு இந்தப் பயத்தால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது நேர்மையாகாது. அங்கே கிராமத்து வீடுகளில் குளிர்காலத்தில் ஒரு பன்றியை அறுத்து, புகையில் காயவைத்து, வருடம் முழுக்க எல்லாச் சமையலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது வழக்கம். நம் வீடுகளில் மாசி போல. அதன் சிவப்பு நிறம்கூடப் பழையது அல்ல. அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்த மிளகாயின் நிறம் அது. அதே மிளகாயைத்தான் போர்த்துக்கேயர் நமது கடலுக்கும் கொண்டுவந்தார்கள். அவர்கள் வருமுன் நமது முன்னோரின் கறி மிளகில் உறைத்தது.

இனி நமது பக்கம்.

1497 ஜூலை மாதம். முஸ்லிம்களுக்கு மன்னன் கொடுத்த தவணை முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதே மன்னன் மனுவேல், அதே லிஸ்பனிலிருந்து, வாஸ்கோ ட காமாவை இந்தியாவுக்கு அனுப்பினான். ஒரு கையால் மூர்களை வெளியே அனுப்பிக்கொண்டு, மறுகையால் கப்பலை அனுப்பினான். 1505இல் லொரென்சோ டி அல்மேதாவின் கப்பல்கள் இலங்கைக் கரைக்கு வந்தன. கொழும்புத் துறைமுகத்தில் அவர்கள் கண்டது யாரை? கறுவா வியாபாரம் செய்துகொண்டிருந்த முஸ்லிம்களை. தொப்பி, தொழுகை, பாங்கு எல்லாம் அவர்களுக்குப் பழக்கமானவை. உடனே பெயர் வைத்தார்கள்: "மூரோஸ்".

நம் முன்னோர் மொரோக்கோவையும் கண்டதில்லை, அந்தலூஸையும் கண்டதில்லை. தமிழில் நம்மைச் சோனகர் என்றார்கள். யவனர் என்ற பழைய சொல்லின் திரிபு அது. ஆனால் லிஸ்பனில் துரத்தப்பட்டவர்களின் பெயரே நமக்கும் ஒட்டியது. ஒல்லாந்தர் அதை வைத்துக்கொண்டார்கள், ஆங்கிலேயர் குடிசன மதிப்பீட்டில் எழுதினார்கள். இன்றும் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தமிழில் "இலங்கைச் சோனகர்" என்று இருப்பது ஆங்கிலத்தில் "மூர்" என்று இருக்கும்.

நாமும் சும்மா இருக்கவில்லை. அவர்களைப் "பறங்கி" என்றோம். அது சிலுவை யுத்த காலத்தில் ஐரோப்பியரை அரபிகள் அழைத்த "ஃபரன்ஜ்" என்ற சொல். ஆக, இரண்டு தரப்பும் வேறு ஒரு நாட்டுச் சண்டையின் பெயர்களைக் கொண்டுவந்து கொழும்பில் ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்டார்கள்.

பெயரோடு நிற்கவில்லை. 1626இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினோ டி சா, தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினான். லிஸ்பனில் 1496இல் நடந்தது, 130 வருடங்கள் கழித்து இங்கே. அப்போது கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றான். 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் கெய்ரோஸ் தன் நூலில் எழுதியிருக்கிறார். துரத்தியவர்களின் ஆளே எழுதி வைத்த சாட்சி இது. ஒரு பௌத்த மன்னன் கொடுத்த இடம் என்பதை நமது பிள்ளைகள் மறக்கக்கூடாது. ஏற்கனவே இங்கே வாழ்ந்த முஸ்லிம்களோடும் தமிழர்களோடும் அவர்கள் கலந்தார்கள். இரண்டு வருடத்தில், 1628இல், போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலும் வந்து கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள்.

அவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் போகவில்லை. மட்டக்களப்பில் இன்றும் பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேய மொழியின் ஒரு வடிவத்தைப் பேசும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வந்தேறிகளா, இந்த ஊர்க்காரர்களா? லிஸ்பன் மூராரியாவைப் பற்றி நான் கேட்ட அதே கேள்விதான். பதிலும் அதேதான்.

நமது வீட்டுக்குள் பாருங்கள். காலையில் சாப்பிடும் பாண் போர்த்துக்கேயச் சொல். பொரிக்கும் தாச்சி, தேநீர் குடிக்கும் கோப்பை, மேசை, கதிரை, அலுமாரி, சாவி, யன்னல், சப்பாத்து, கடுதாசி, அன்னாசி எல்லாம் அவர்கள் வழியாக வந்த சொற்கள். நம்மைத் துரத்தியவர்களின் சொற்களை 400 வருடமாக நாம் சமையலறையில் வைத்திருக்கிறோம். அவர்கள் துரத்திய மக்களின் சொற்களை அவர்கள் சமையலறையில் வைத்திருக்கிறார்கள்.

தோடம்பழத்தின் கதை இதைவிட அழகு. அரபிகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது புளிப்பும் கசப்புமான நாரத்தை வகை. அரபில் "நாரன்ஜ்". போர்த்துக்கேய மொழியில் அது "லரஞ்ஜா" ஆனது. பின்னர் இனிப்புத் தோடம்பழத்தைக் கிழக்கிலிருந்து ஏற்றிப் பரப்பியதில் போர்த்துக்கேயருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த இனிப்புப் பழத்துக்கு அரபிகள் வைத்த பெயர் என்ன? "புர்துகால்". ஆம், போர்த்துக்கல் நாட்டின் பெயரேதான். வாத்துச் சோற்றின் மேல் வைக்கும் அந்த ஒரு துண்டுப் பழத்துக்கு ஒரு பக்கம் அரபுப் பெயர், மறுபக்கம் போர்த்துக்கலின் பெயர்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஹலாலான முறையைச் சொல்கிறேன். ஆறு பேருக்குப் போதும்.

அறுத்துத் துப்புரவாக்கிய தாரா ஒன்று, சுமார் 2 கிலோ. அதை முழுதாகவோ பெரிய துண்டுகளாகவோ போட்டு மூடும் அளவு தண்ணீர் விடுங்கள். 4 கராம்பு குத்திய ஒரு பெரிய வெங்காயம், ஒரு கரட், பிரிஞ்சி இலை 2, மிளகு ஒரு தேக்கரண்டி, உப்பு. ஊர்த் தாரா என்றால் இரண்டு மணித்தியாலம் அவியட்டும். மேலே மிதக்கும் நெய்யை எடுத்து வையுங்கள். அங்கே சிலர் இதில் வைன் ஊற்றுவார்கள். அது நமக்கு வேண்டாம், அது இல்லாமலும் இந்தச் சாப்பாடு குறையாது.

இறைச்சியைப் பிய்த்து எடுங்கள். தாரா நெய் 3 மேசைக்கரண்டியில் ஒரு வெங்காயமும் 4 பல் உள்ளியும் வதக்கி, கழுவி வடித்த வெள்ளைச் சம்பா அரிசி 3 கோப்பை போட்டுக் கிளறுங்கள். அங்கே பாவிக்கும் "கரோலினோ" அரிசி சாற்றை நன்றாகக் குடிக்கும். அதற்குப் பாஸ்மதியைவிட நமது சம்பா நெருக்கம். வடித்த சாறு 6 கோப்பை ஊற்றி, முக்கால் பதம் தாண்டி வேகவிடுங்கள்.

தட்டில் பாதிச் சோறு, அதன்மேல் இறைச்சி, மீதிச் சோறு. சூரிசுக்குப் பதிலாக ஹலால் மாட்டிறைச்சி சொசேஜ், அல்லது மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளை உள்ளி, உப்பு, உறைப்புக் குறைந்த மிளகாய்த் தூள், தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்துப் பொரித்து மேலே அடுக்குங்கள். 200 பாகை சூட்டில் அவனில் 20 நிமிடம். அவன் இல்லாவிட்டால் புரியாணிக்குத் தம் போடுவதுபோல மூடிமேல் தணல் போட்டாலும் வரும். தோடம்பழத்தை வெட்டி வைத்து, ஒரு ஸஹனில் எல்லோரும் சுற்றி இருந்து சாப்பிடுங்கள்.

வாசிப்பவர்கள் இரண்டு விதமாக இதை எடுக்கலாம். "பார்த்தீர்களா, எல்லாம் நாங்கள் கொடுத்தது" என்று மார்தட்டலாம். அது அரைவாசி உண்மை. கொடுத்தவர்களும் பாரசீகத்திடமும் இந்தியாவிடமும் வாங்கித்தான் கொடுத்தார்கள். அல்லது "துரத்தியவர்களின் சாப்பாடு நமக்கு எதற்கு" என்று தள்ளலாம். தள்ளினால் பாணையும் மிளகாயையும் சேர்த்துத் தள்ளவேண்டிவரும்.

நான் எடுப்பது வேறு. ஒரு அரசன் ஒரு கடுதாசியில் கையெழுத்துப் போட்டு ஒரு சமூகத்தை "நீங்கள் இந்த ஊர் இல்லை" என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சமூகம் வெட்டிய வாய்க்கால், நட்ட பயிர், சொன்ன சொல் எல்லாம் "இவர்கள் இந்த ஊர்தான்" என்று 500 வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டே இருக்கும். இன்று லிஸ்பன் மூராரியாவில் பங்களாதேஷ், பாகிஸ்தான் முஸ்லிம்களின் கடைகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் தலைக்கு அதிகம் சோறு சாப்பிடும் நாடும் போர்த்துக்கல்தான்.

நமது நாட்டிலும் அவ்வப்போது யார் முந்தி வந்தவர், யார் பிந்தி வந்தவர் என்ற பேச்சு எழும். அப்போது கோபப்பட்டுக் கத்துவதைவிட, நமது பிள்ளைகளுக்கு நாம் இந்த மண்ணில் செய்ததைச் சொல்லிக்கொடுப்போம். அயலவர் நமக்குச் செய்ததையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம். இந்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்து, வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளின் பெயரும் எந்த மொழியிலிருந்து வந்தது என்று உம்மம்மாவையும் சேர்த்து உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். தமிழ், அரபு, சிங்களம், போர்த்துக்கேயம், ஒல்லாந்தம், மலாய் எல்லாம் வரும். அந்தப் பட்டியலைவிட நல்ல வரலாற்றுப் பாடத்தை என்னால் வகுப்பில் எடுக்க முடியாது.